பால்மர் வீட்டுக் காற்று

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் உள்ள துலூத் நகரத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் ஏரிக்கு மேலே உள்ள தெருக்களில் போய்க் கேட்டால் பால்மர் ஊஸ்ட்பியின் பெயரைத்தான் சொல்வார்கள். மற்ற ஓட்டுநர்கள் தெருவைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பனியை வாரி அடுத்தவர் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். பால்மர் ஒவ்வொரு வாசலுக்கும் வண்டியின் முன்னால் பூட்டிய தள்ளுகத்தியைக் கொஞ்சம் திருப்பி, பனியைத் தாண்டிக் கொண்டுபோய்க் காலி இடத்தில் கொட்டுவார். வேலை முடிய எப்போதும் நேரமாகும். மேலதிகாரி கத்துவார். பால்மர் "ஆமா ஆமா" என்று கேட்டுக்கொண்டு மறுநாளும் அதையே செய்வார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வண்டிப் படியில் யாராவது ஒரு டப்பா பிஸ்கட் வைத்திருப்பார்கள். அவருக்கு அது போதும்.

குளிர் என்று குறை சொல்வது அவர் வீட்டில் நடக்காத காரியம். மனைவி ஆர்டிஸ் சொன்னாலும் மகள் பிரிட்டா சொன்னாலும் அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம்தான். "குளிருதா? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ." சொல்கிறவர் மூன்று போட்டிருப்பார்.

உடைந்த பொருள்களுக்கு வேறொரு வைத்தியம் வைத்திருந்தார், சாம்பல் நிற டேப். அந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது என்றாலும் பால்மர் அளவுக்கு அதை நம்பியவர் யாரும் இல்லை. கார் பம்பர், பூட்ஸ், மூக்குக்கண்ணாடி, தேவாலயத்துக் காப்பிப் பானையின் பிடி எல்லாவற்றிலும் அவர் கைவண்ணம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் முன்னால் இருந்த மைக் தலை தொங்கிப்போனது. பால்மர் எழுந்தார், சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நாலு சுற்றுச் சுற்றினார், வந்து உட்கார்ந்தார். பிரசங்கம் நடுவில் நிற்கவே இல்லை.

பிரிட்டா பிறந்தபோது கார் ஷெட்டுக்கு மேலே தன் கையாலேயே ஓர் அறை கட்டினார். வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருந்த உலையின் சூட்டுக் காற்றை அந்த அறைக்குக் கொண்டுபோக ஒரு தகரக் குழாய், அறையின் காற்றைத் திரும்ப உலைக்கு இழுத்துவர இன்னொரு குழாய். இரண்டையும் ஷெட் கூரைக்குள் ஓட்டி, மூட்டுக்கு மூட்டு டேப் சுற்றி, பலகை அடித்து மூடிவிட்டார். அறை பார்க்க அழகாக இருந்தது, ஆனால் சூடுதான் ஏறவில்லை. பிரிட்டா அங்கே கையுறை போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். ஷெட் மட்டும் ஜனவரியிலும் இதமாக இருந்தது. "இந்தத் தெருவுல என் ஷெட் மாதிரி சூடான ஷெட் உண்டா?" என்று பால்மர் பெருமை அடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே வந்து கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சீட்டு ஆடுவார்கள். வீட்டுக்குள் ஆர்டிஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெறும் கார் நிற்கிற இடம் ஏன் சூடாக இருக்கிறது என்று அத்தனை பேரில் ஒருவருக்குக் கூடத் தோன்றவில்லை. மனுஷர்கள் இப்படித்தான்!

பிரிட்டாவுக்குக் குழந்தை பிறந்தது, ரொம்பக் குறைமாதத்தில். மாரித் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். காய்ச்சல் பரவும் காலம் என்பதால் தாயைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. மாப்பிள்ளை ட்ரெவர் வடக்கு டக்கோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான், மாதம் ஒருமுறைதான் வருவான். அதனால் குழந்தையைத் தன் பெற்றோர் வீட்டுக்கே கொண்டுவருவதென்று பிரிட்டா முடிவு செய்தாள். கீழே இருந்த ஒரே படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி நடக்கவே இடமில்லை. ஆகவே ஷெட்டுக்கு மேல் இருந்த அறைதான் மிச்சம்.

மருத்துவமனை நர்ஸ் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். நுரையீரல் இன்னும் பலவீனம், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் வருவாள். அறை இரவும் பகலும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், தூசி கூடாது. ஆக்சிஜன் இருக்கிற அறையில் மின்சாரக் கணப்பு வைக்கவே கூடாது. அறை சரியில்லை என்றால் குழந்தையை அனுப்ப மாட்டார்கள்.

பால்மர் அன்றே கடைக்குப் போய்க் கை நிறைய டேப் வாங்கிவந்தார். நிலவறையில் தெரிந்த மூட்டுகளை எல்லாம் சுற்றினார். மறுநாள் காலையில் பார்த்தால் பாதி டேப் பிரிந்து தொங்கியது. மேலறையின் வெப்பமானி அசையவே இல்லை.

"ஏய்யா பால்மர், உன் டேப்புக்கு ஒரு கும்பிடு. விட்டுடுய்யா" என்றாள் ஆர்டிஸ்.

"தகரத்துல தூசி. தொடைச்சிட்டு ஒட்டினா நிக்கும்."

"முப்பது வருஷமா இதத்தான் சொல்ற. அந்த ரூமுக்குப் போனாலே எனக்குத் தலவலி வருது. கொழந்த எப்படி இருக்கும்?"

"தலவலிக்குக் காப்பி குடி."

அந்த ஊரில் பிறத்தியாரிடம் உதவி கேட்பதென்றால் மானம் போகிற விஷயம். ஆனாலும் ஆர்டிஸ் அவரிடம் கேட்காமலே காற்றுக்குழாய்க் கசிவை அடைக்கும் வேலை செய்கிற ரொஷெல் என்பவளைப் போனில் கூப்பிட்டுவிட்டாள்.

ரொஷெல் நல்ல உயரம், உரத்த சிரிப்பு. சட்டையில் கைக்கடக்கமான ஒரு கருவியை மாட்டியிருந்தாள். ஆர்டிஸ் காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். இரண்டாம் முறை கேட்டதற்கும் சிரமம் வேண்டாம் என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது, "சரி, சின்ன கப்புல" என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் வாங்கிக்கொள்ளும் அந்த ஊர் முறைப்படி நடந்துகொண்டதில் பால்மருக்குக் கூட அவள்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. மருத்துவமனையிலிருந்து துணி மாற்றிக்கொள்ள வந்திருந்த பிரிட்டாவும் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வழி இருக்கு பெரியவரே" என்று ரொஷெல் ஆரம்பித்தாள். "ஒண்ணு டேப்பு. உங்க டேப்பு இல்ல, வெள்ளித்தாள் டேப்பு. கண்ணுக்குத் தெரியிற மூட்டுக்கு ஆகும். ரெண்டாவது பசை. பிரஷ்ஷால தடிமனா பூசிட்டா ஆயுசுக்கும் அசையாது. ஆனா கை போற எடத்துலதான் பூச முடியும். உங்க குழாய்ல பாதி சுவத்துக்குள்ள ஓடுது, சுவத்த ஒடைக்கணும்."

"ஒடைச்சிட்டாப் போச்சு" என்றாள் ஆர்டிஸ்.

"சுண்ணாம்புத் தூசி பறக்குமேம்மா. அந்தத் தூசியிலயா பாப்பாவக் கொண்டாந்து வெப்ப?" என்றாள் பிரிட்டா.

"மூணாவது வழி?" பால்மர் கேட்டார்.

"உள்ள இருந்தே அடைக்கிறது. ரூம்ல காத்து வர்ற வாயெல்லாம் மூடிடுவோம். பசையத் தூறல் மாதிரி ஆக்கிக் குழாய்க்குள்ள ஊதுவோம். காத்து எந்த ஓட்டையில தப்பிச்சு ஓடுதோ, தூறலும் அங்கதான் ஓடும். போற போக்குல ஓட்டை ஓரத்துல ஒட்டிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி ஓட்டை அடைஞ்சிடும்."

பால்மர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஓட்டை எங்க இருக்குன்னு அதுக்கு யாரு காட்டுவா?"

"காத்துதான் காட்டும்."

"நல்ல கத!"

பிரிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் பொண்ணு இப்பவே திணறித் திணறித்தான் மூச்சு விட்டுட்டு இருக்கா. அவ மூச்சு வாங்கப்போற குழாய்ல பசைய ஊதுறேங்கறீங்க. அப்பா, வேண்டவே வேண்டாம்."

பேச்சு அங்கேயே நின்றது. ஒருத்திக்குச் சுவரை உடைக்க வேண்டும், ஒருத்திக்குத் தூசி ஆகாது, தூறலும் ஆகாது. பால்மருக்கு மனதுக்குள் இன்னமும் டேப்தான். சரி, முதலில் அறையை அளந்து பார்க்கிறேன் என்று ரொஷெல் மாடிக்குப் போனாள். அவள் சாமான்களை இறக்க இடம் வேண்டும் என்பதால் பால்மர் தன் காரை வெளியே எடுக்க ஷெட்டுக்குப் போனார். வண்டியைக் கிளப்பி, குளிர்நாட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, சூடாகட்டும் என்று ஓடவிட்டார். விஷயம் தெரிந்தவர் என்பதால் ஷெட் கதவை முழுக்கத் திறந்துதான் வைத்திருந்தார். புகை வெளியே போவது கண்ணுக்கே தெரிந்தது.

மேலே ரொஷெல்லின் சட்டையில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. அவள் மாரித்துக்காகப் போட்டுவைத்திருந்த தொட்டிலுக்குப் பக்கத்தில், சூட்டுக்காற்று வருகிற துவாரத்துக்கு நேராகக் குனிந்திருந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க! யாராவது அந்த வண்டிய நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடிவந்தாள்.

பால்மர் நிறுத்தினார். என்ன குற்றம் செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. ரொஷெல் முதலில் எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னாள். வீடு காற்றாடிய பிறகு உலையை அணைத்துவிட்டு, காற்று எங்கெங்கே கசிகிறது என்று பார்க்க, நாடக மேடையில் விடுகிற வெள்ளைப் புகையைக் குழாய்க்குள் விட்டாள்.

அந்தப் புகையைப் பால்மர் சாகும்வரை மறக்கப்போவதில்லை. சமையலறை விளக்கு ஸ்விட்ச்சைச் சுற்றி மெல்லிய இழையாக எட்டிப் பார்த்தது. படிக்கட்டின் அடியில் இருந்து ஊர்ந்து வந்தது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால், சுவரும் தரையும் சேர்கிற இடம் முழுக்கப் புகைந்தது. ஷெட்டுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூரைப் பலகைகளின் அத்தனை இடுக்கிலிருந்தும் புகை குபுகுபுவென்று இறங்கி, ஷெட் முழுக்க மேகமாக நிறைந்தது. வாழ்நாள் முழுக்கப் பனியைத் தள்ளியவர் அவர். பனி கண்ணுக்குத் தெரியும், கத்தியை வைத்தால் ஒதுங்கும். காற்று என்று ஒன்று தன் வீட்டுக்குள் இப்படி ஆறாக ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

ரொஷெல் ஏணி போட்டு இரண்டு பலகைகளைப் பெயர்த்தாள். பால்மரின் பழைய டேப் வெங்காயத் தோல் மாதிரி காய்ந்து தொங்கியது. சூட்டுக்காற்று கொண்டுபோகிற குழாய் மூட்டில் பாதி விட்டிருந்தது. இன்னொரு குழாயின் மூட்டு முழுசாகவே கழன்று, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"உங்க ஷெட் ஏன் சூடா இருக்குன்னு தெரியுதா? ரூமுக்குப் போக வேண்டிய சூடு இங்க கொட்டுது. அதுகூடப் பரவால்ல. இந்தக் கழண்ட குழாய் இருக்கே, இது ஊதுற குழாய் இல்ல, உறிஞ்சுற குழாய். உலை ஓடுனா ஷெட்டுக் காத்த இழுத்து வீடு பூரா அனுப்பும். நீங்க வண்டிய சூடு பண்ணுறப்போ அந்தப் புகையும் அதுல போகும்."

"கதவத் தொறந்துதான் வெப்பேன்."

"இன்னிக்கும் தொறந்துதான் இருந்துச்சு. தொட்டில்கிட்ட இந்த விஷப்புகைக் கருவி கத்திச்சு பாருங்க." அவள் வீட்டுக்குள் போய் மாடிப்படியின் மேல் சுவரைக் காட்டினாள். அங்கே ஓர் ஆணியும் வட்டமான தடமும் இருந்தன. "இங்க விஷப்புகை அலாரம் ஒண்ணு இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு. கெட்டுப்போச்சு. குளிர்காலத்துல, அதுவும் காலைல மட்டும் கத்தும். பாட்டரியக் கழட்டி டிராயர்ல போட்டுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆர்டிஸ் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பால்மர் எண்ணிப் பார்த்தார். பெரியவர்களுக்குத் தலைவலியோடு போயிற்று. கையளவு நெஞ்சுக்கூட்டோடு மாரித் அந்தத் தொட்டிலில் படுத்திருக்க, அவர் பாட்டுக்குக் கீழே வண்டியைச் சூடு பண்ணிக்கொண்டு நின்றிருப்பார். மேலே போய் "ஸ்வெட்டர் போட்டுவிடு" என்றும் சொல்லியிருப்பார். அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆர்டிஸ், நான் உன்னக் கொன்னுருப்பேனே" என்றார்.

"கொல்லலல்ல? எழுந்து வா. என்ன செய்யணும்னு கேளு" என்றாள் ஆர்டிஸ்.

பால்மர் ரொஷெல்லிடம் கேட்டார். தன் வாழ்க்கையில் ஒருவரிடம் முழு மனதாக உதவி கேட்டது அதுதான் முதல் முறை.

"இந்தப் பெரிய ஓட்டைக்குத் தூறல் ஆகாது" என்றாள் அவள். "வெரல் நொழையிற ஓட்டைன்னா தூறல் எல்லாம் வெளிய கொட்டிடும். இத ஸ்க்ரூ போட்டு, வலை சுத்தி, பசை பூசிக் கையாலதான் மூடணும். சுவத்துக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைக்குக் கை பத்தாது. அதுக்குத் தூறலத் தவிர வேற வழி இல்ல. ரெண்டுல ஒண்ணு மட்டும்னா பாதி வேலதான்."

பிரிட்டா மருத்துவமனைக்குப் போய் நுரையீரல் டாக்டரிடமே கேட்டாள். பசையில் என்னென்ன இருக்கிறது என்று ரொஷெல் எழுதிக் கொடுத்ததை அவர் படித்துப் பார்த்தார். வீட்டில் யாரும் இல்லாதபோது செய்யட்டும், நன்றாகக் காயட்டும், சில நாள் ஜன்னலைத் திறந்து போட்டு வாசனை துளியும் இல்லாமல் போன பிறகு குழந்தையைக் கொண்டுபோகலாம் என்றார். பிரிட்டா வந்து, "சரிப்பா. ரெண்டையும் செய்ங்க. ஆனா நீங்க பக்கத்துல இருந்து பாருங்க" என்றாள்.

ஷெட் கூரையின் மூட்டைப் பால்மரே மூடினார். ரொஷெல் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, தகரத்தைத் துடைத்து, குழாயைப் பொருத்தித் திருகினார். பிறகு தயிர்போல இருந்த பசையைப் பிரஷ்ஷால் அப்பினார். கழுத்து பிடித்துக்கொண்டது. சட்டையெல்லாம் பசை. இறங்கச் சொன்னதற்கு, "இன்னும் ஒரு பூச்சு" என்று மறுபடி ஏறினார்.

மறுநாள் தூறல். துவாரங்களை எல்லாம் ஸ்பஞ்சுக் கட்டிகளால் அடைத்து, உலைக்குப் பக்கத்தில் குழாயோடு, தூறலை ஊதுகிற விசிறி வைத்த ஒரு நீளமான பிளாஸ்டிக் சுருளை மாட்டினாள் ரொஷெல். ஆர்டிஸைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பால்மர் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு நிலவறையில் நின்றார். விசிறி உறுமியது. சின்ன கம்ப்யூட்டர் திரையில், குழாயில் போகிற நூறு பங்கு காற்றில் எத்தனை பங்கு வழியில் கசிகிறது என்று ஓர் எண் தெரிந்தது. ஷெட் மூட்டை மூடிய பிறகும் முப்பத்தொன்றில் நின்றது.

"இவ்வளவுமா?" என்றார்.

"பாருங்க."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எண் முப்பதானது. இருபத்தொன்பதானது. யாரும் தொடவில்லை, யாரும் சுவருக்குள் போகவில்லை. பால்மர் சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். தூசியைவிடச் சின்னத் துளிகள் இருட்டுக்குள் ஓடி, அவர் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டைக் கட்டிய யாரோ விட்டுப்போன இடுக்குகளை எல்லாம் தேடிப் பிடித்து, ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடைத்துக்கொண்டிருந்தன. எந்தக் காற்று வீட்டின் சூட்டைத் திருடிக்கொண்டு ஓடியதோ, அந்தக் காற்றே அடைப்பவனைக் கைபிடித்து ஓட்டைக்கு அழைத்துப்போனது. அவருக்கு உடம்பு புல்லரித்தது.

"இது எப்படி..." என்று தேவாலயத்தில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நானும் தினம் பாக்குறேன் பெரியவரே. எனக்கும் இன்னும் ஆச்சரியம் தீரல" என்றாள் ரொஷெல்.

இருபது ஆனது. பன்னிரண்டு ஆனது. பால்மர் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தார். கடைசியில் எண் மூன்றில் வந்து அசையாமல் நின்றது. விசிறியை நிறுத்தியபோது முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் நனைந்திருந்தன. ரொஷெல் அதைப் பார்க்காததுபோல் சுருளைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க உறைகிற குளிரில் பால்மர் வீட்டு ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வண்டி அதன்பின் நிரந்தரமாக வெளியே பனியில் நின்றது. ஷெட்டில் சீட்டாட வந்தவர்கள், "என்னய்யா இது, ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு!" என்று புலம்பினார்கள். புது அலாரத்தை மாட்டிய பால்மர் அதன் பொத்தானைத் தினமும் அமுக்கி, அது கத்துவதைக் கேட்டுவிட்டுத்தான் காலைக் காப்பிக்கு உட்கார்ந்தார்.

பிறகு ஜன்னல்களை மூடி உலையைப் போட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸ் மேலறையில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, மறுநாளும் வந்து பார்த்து, தலையை ஆட்டினாள். அதற்கடுத்த நாள் மத்தியானம் பிரிட்டா குழந்தையோடு வந்தாள்.

பால்மர் கையைக் கழுவிக்கொண்டு மேலே போய்ச் சுவரோரம் நின்றார். கிட்டே போகப் பயமாக இருந்தது. அதுவரை அவர் பேத்தியைப் போனில் வந்த படங்களில்தான் பார்த்திருந்தார். எந்தப் படத்தில் பார்த்தாலும் காது வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, மூக்குக் குழாய், நடுவில் ரெண்டு கண். பிரிட்டா போர்வையைப் பிரித்தாள். ஒரு நிமிஷம் நின்று, தன் கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரையும் கழற்றினாள்.

"அப்பா, இங்க சூடா இருக்குப்பா" என்றாள். சிறுவயதிலிருந்து அவள் வளர்ந்த அறை அது.

பிறகு குனிந்து, குழாய் அசையாமல், மாரித்தின் தலையிலிருந்து தொப்பியை மெதுவாக உருவினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, ஒரு பெருமூச்சு விட்டது, அழவில்லை.

பால்மர் கிட்டே போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே சமையலறையில் இருந்த மனைவியை வீடே அதிரக் கூப்பிட்டார்.

"ஆர்டிஸ்! ஏய் ஆர்டிஸ்! சீக்கிரம் மேல வா. இவளுக்கு முடி இருக்கு!"